அடுத்த காலாண்டு

ராஜவேல் அந்தக் கேள்வியைக் கேட்டபோது அமுதவல்லிக்குச் சிரிப்புதான் வந்தது. பெண் கொடுக்கிற வீட்டார் மாப்பிள்ளையின் உடம்பு, குணம், குடும்பம் எல்லாம் விசாரிப்பதுபோல அவன் ஒரு சுரங்கத்தைப் பற்றி விசாரித்தான்.

“அக்கா, அந்தச் சொரங்கம் எத்தன வருஷம் ஓடும்?”

முதலியார்பேட்டையில் அமுதவல்லியின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. வஞ்சிரக் குழம்பும் சோறும் சாப்பிட்ட மயக்கத்தில் குழந்தை அறிவுமதி பாயில் உருண்டுகொண்டிருந்தாள். ராஜவேல், அமுதவல்லியின் ஒரே தங்கை ஜெயசித்ராவின் கணவன். சுரங்கத் தொழிலில் டிப்ளமோ முடித்தவன். தவளக்குப்பத்தில் வீடு இருந்தாலும், நெய்வேலிப் பக்கம் ஒரு ஒப்பந்தக்காரரிடம் வேலை என்பதால் பாதி நாள் அங்கேயே கிடப்பான். குழந்தை பிறந்த அன்றுகூட அவன் ஊரில் இல்லை. இப்போது கர்நாடகத்தில், ஹொன்னெகெரே என்ற ஊரின் தங்கச் சுரங்கத்தில் நிரந்தர வேலை வந்திருந்தது. நிலத்தடியில் மேற்பார்வையாளர். குடும்பத்தோடு தங்க வீடு உண்டு. சுரங்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஜெயசித்ராவுக்கு ஆசிரியை வேலைகூடக் கிடைக்கும் என்றார்கள்.

ஜெயசித்ராதான் தயங்கினாள். “பாஷ தெரியாத ஊரு. எல்லாத்தையும் மூட்ட கட்டிகினு போயி, ரெண்டு வருஷத்துல இழுத்து மூடிட்டான்னா? திரும்பி வந்து யாரு வாசல்ல நிக்கறது?”

அவர்கள் அமுதவல்லியிடம் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஹொன்னெகெரே சுரங்கத்துக்கு நீண்டகாலத் திட்டம் போட்டவளே அவள்தான்.

லாஸ்பேட்டையில் ஒரு மாடிக் கட்டடத்தில் அவளுடைய அலுவலகம் இருந்தது. வெளியூர்ச் சுரங்கங்களுக்குத் திட்டம் வகுத்துத் தருவது அவர்கள் தொழில். புதுச்சேரியில் கிணற்றுக்குத் தோண்டினால் பத்தடியில் தண்ணீர் வந்துவிடும். அந்த ஊரில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, எங்கோ அரை கிலோமீட்டர் ஆழத்தில் எந்தப் பாறையை எந்த வருடம் வெட்ட வேண்டும் என்று முடிவு செய்வது அமுதவல்லிக்கே சிலசமயம் விசித்திரமாக இருக்கும். அவள் நிலவியல் படித்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவும் போன பிறகு அவளுக்கு மிஞ்சியிருந்த சொந்தம் இந்த மூன்று பேர்தான்.

அவள் மடிக்கணினியைத் திறந்து சுரங்கத்தின் படத்தைக் காட்டினாள். பூமிக்குள் இறங்கும் சுருள் சுருளான சரிவுப் பாதை. லாரிகள் அதன் வழியாகத்தான் தாதுவை மேலே கொண்டுவரும். பாதையின் இரு பக்கமும் பெட்டி பெட்டியாகத் தாது வெட்டும் அறைகள். ஒவ்வொரு வருடத்துக்கும் ஒவ்வொரு நிறம்.

“இது மேல் பகுதி. இங்க தங்கம் அதிகம். ஆனா இதையே வெட்டித் தின்னுட்டு உக்காந்துட முடியாது. கொஞ்சம் நல்ல தாது, கொஞ்சம் சுமாரான தாது, ரெண்டையும் கலந்து கலந்து எடுக்கணும். அதே நேரத்துல இந்தப் பாதைய வருஷாவருஷம் கீழ எறக்கிகினே போவணும். மேல தீரும்போது கீழ தயாரா இருக்கும். அப்டிப் போனா பதினாலு வருஷம் தாராளமா ஓடும்.”

“நெசமாவாக்கா?” என்றாள் ஜெயசித்ரா.

“நான் போட்ட கணக்குடி. அறிவு காலேஜ் சேர்ற வரைக்கும் கவலையே இல்ல.”

அந்த வாக்கியத்தைப் பின்னால் அவள் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தாள். பொய் சொல்லவில்லை. பெருமைக்காகக் கூட்டியும் சொல்லவில்லை. கம்பெனியே வெளியில் அறிவித்திருந்த கணக்கு அது. ஆனால், ‘அப்படிப் போனால்’ என்று தான் சொன்னதை அவர்கள் காதில் வாங்கவில்லை என்பதையும், தானும் அதை அழுத்திச் சொல்லவில்லை என்பதையும் அவள் அன்றைக்கு யோசிக்கவில்லை.

அவர்கள் போனார்கள். முதல் இரண்டு வருடம் தொலைபேசியில் ஜெயசித்ராவின் குரலே மாறியிருந்தது. கன்னடத்தில் பால்காரரிடம் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். பள்ளியில் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தாள். ராஜவேல் ஷிப்டு முடிந்தால் நேரே வீடு. “இப்பதாங்க்கா குடும்பம் நடத்தற மாதிரி இருக்குது” என்று ஒருமுறை சொன்னாள். பந்தல் போட்டுப் பாகற்கொடி ஏற்றியிருந்தாள். அதன் படத்தைக்கூட அனுப்பியிருந்தாள்.

அலுவலகத்தில் அமுதவல்லிக்கு எதிர் மேசை உத்திராபதியுடையது. ஐம்பதைத் தாண்டிய சுரங்கப் பொறியாளர். இருபது வருடம் பல மாநிலங்களில் பூமிக்குக் கீழே வேலை பார்த்துவிட்டு, முட்டி தேய்ந்து சொந்த ஊருக்குத் திரும்பியவர். அவர் போடுவது குறுகியகாலத் திட்டம். இந்த மூன்று மாதத்தில் எந்த அறையில் வெடிவைப்பது, எந்த இயந்திரம் எங்கே போவது, எந்த வாரம் எத்தனை லாரித் தாது மேலே வருவது எல்லாம் அவர் பொறுப்பு. அமுதவல்லியின் திட்டத்தை எடுத்து, துண்டு துண்டாக நறுக்கி, சுரங்கத்தில் இருப்பவர்கள் கையில் கொடுப்பவர் அவர். அப்படி அவர் நறுக்கியது முழுத் திட்டத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து ஒப்புதல் போடுவது அமுதவல்லியின் வேலை.

முதல் மாற்றம் ஊரடங்கு காலத்தில் வந்தது. பாதி ஆட்கள் சொந்த ஊர் போய்விட்டார்கள். இருக்கிற ஆட்களை வைத்துக்கொண்டு தாதுவும் எடுக்க வேண்டும், கீழே பாதையும் வெட்ட வேண்டும் என்றால் நடக்காது. பாதை வெட்டினால் வருவது வெறும் கல். அதில் தங்கம் இல்லை.

“பாதைய ஒரு மூணு மாசம் தள்ளி வெச்சிருக்கேம்மா. ஆளுங்க திரும்பி வந்ததும் சேத்து அடிச்சிடலாம்” என்றார் உத்திராபதி.

நியாயமாகத்தான் இருந்தது. அவள் ஒப்புதல் கொடுத்தாள். இந்தத் தாமதத்தை அடுத்த காலாண்டில் ஈடுகட்ட வேண்டும் என்று குறிப்பும் எழுதினாள்.

அடுத்த காலாண்டில் இயந்திரம் ஒன்று பழுதானது. அதற்கடுத்ததில் தங்கத்தின் விலை ஏறியது. விலை ஏறும்போது எடுக்காமல் எப்போது எடுப்பது என்று சுரங்கக் கம்பெனியின் தலைமை அலுவலகத்து அதிகாரி திரையில் தோன்றிக் கேட்டார். நல்ல தாது இருந்த மேல் அறைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திட்டத்தில் முன்னால் வந்தன. சுமாரான அறைகள் பின்னால் போயின. கீழ்ப் பாதை ஒவ்வொரு முறையும் ‘அடுத்த காலாண்டு’ என்ற பத்தியில் போய் உட்கார்ந்தது.

ஒருநாள் அமுதவல்லி எழுந்து அவர் மேசைக்குப் போனாள்.

“சார், இது நல்லா இல்ல. மேல இருக்கறத இப்டி வழிச்சி எடுத்துட்டா, கீழ போறதுக்கு எதை வெச்சி செலவு பண்ணுவாங்க?”

உத்திராபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்குத் தெரியாதா அமுதா? நீ வருஷத்துக்குச் சமைக்கிற. நான் இன்னிக்கி மத்தியானத்துக்குச் சமைக்கணும். அவன் தட்ட வெச்சிகினு எதுர்ல உக்காந்திருக்கான்.”

“நான் ஒப்புதல் போடலன்னா?”

“போடாத. நானும் உன் பக்கம்தான் நிப்பேன். என்னா ஆவும்? இந்த வேலைய ஐதராபாத்துல வேற ஆபீசுக்குக் குடுப்பான். அவன் கண்ண மூடிகினு போடுவான். நாம இருந்தாலாவது கொஞ்சம் இழுத்துப் புடிக்கலாம்.”

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. அவள் ஆட்சேபக் குறிப்போடு ஒப்புதல் போட்டாள். நான்கைந்து முறை அப்படி. பிறகு ஒரு காலாண்டில் காய்ச்சலோடு அலுவலகம் வந்திருந்தாள், குறிப்பு எழுதச் சோர்வாக இருந்தது, எழுதாமலே போட்டாள். வானம் இடிந்து விழவில்லை. யாரும் ஏன் எழுதவில்லை என்று கேட்கவும் இல்லை. அதன் பிறகு அவள் குறிப்பு எழுதுவதை விட்டுவிட்டாள்.

ஆடி மாதம் வீராம்பட்டினம் தேர்த் திருவிழாவுக்கு ஜெயசித்ராவும் ராஜவேலும் வந்திருந்தார்கள். அதிகாலையிலிருந்தே கூட்டம். தேர் நிலையை விட்டுக் கிளம்பியதும் ஜெயசித்ரா மகளை இழுத்துக்கொண்டு வளையல் கடைப் பக்கம் போனாள். ராஜவேலும் அமுதவல்லியும் கூட்டத்திலிருந்து விலகி, கரையில் ஏற்றி நிறுத்தியிருந்த படகுகளின் நிழலில் நின்றார்கள். இருவர் கையிலும் அன்னதானத்தில் கொடுத்த கூழ்.

“அக்கா, ஒண்ணு கேக்கணும்” என்றான் ராஜவேல். “கீழ்ப் பாதையில மெஷின நிறுத்தி ரொம்ப நாளாவுது. வெட்டி வுட்ட முனையில தண்ணி ஊறி நிக்குது. கேட்டா, ‘அடுத்த குவார்ட்டர்’ங்கறாங்க. மேல என்னடான்னா, பாதைக்குப் பக்கத்துல வுட்டு வெச்சிருந்த தூணுல ரெண்ட எடுத்துட்டாங்க. திட்டத்துலயே அப்டித்தான் இருக்குதா?”

அந்தத் தூண்கள் அமுதவல்லிக்கு நன்றாகத் தெரியும். சரிவுப் பாதையைத் தாங்குவதற்காக வெட்டாமல் விட்ட தாது. அவற்றிலும் நல்ல தங்கம் இருந்தது. சுற்றியுள்ள காலி அறைகளைச் சிமெண்ட் கலந்த மண்ணால் நிரப்பி, அது இறுகிய பிறகு, சுரங்கத்தின் கடைசி வருடங்களில்தான் அவற்றைத் தொட வேண்டும் என்று அவள்தான் குறித்திருந்தாள். சித்திரையில் அந்த இரண்டு தூண்களும் குறுகியகாலத் திட்டத்துக்குள் வந்தபோது அவள் பாறைப் பொறியாளரிடம் கருத்துக் கேட்டாள். இரண்டை எடுத்தால் தாங்கும், மூன்றாவதைத் தொடக் கூடாது என்று பதில் வந்தது. அவளும் விட்டுவிட்டாள்.

“திட்டத்த அப்பப்ப மாத்துவாங்க தம்பி” என்றாள்.

“அதுக்கில்லக்கா. ராஜஸ்தான்ல ஒரு துத்தநாகச் சொரங்கத்துல எனக்குத் தெரிஞ்சவரு இருக்காரு. வரியான்னு கூப்புடறாரு. அங்கயும் ஃபேமிலி குவார்ட்டர்ஸ் உண்டு. இந்த மாசத்துக்குள்ள சொல்லணும். சித்ரா கேட்டா சண்டைக்கி வருவா. இப்பதான் வேர் புடிச்சிருக்கா. நீங்க சொல்லுங்க. போவட்டா, இருக்கட்டா?”

தூரத்தில் மேளச் சத்தம் நெருங்கியது. அமுதவல்லி கூழ்க் குவளையைப் பார்த்தபடி நின்றாள். அந்த மாதம் அவள் கணினியில் ஓட்டிப் பார்த்த கணக்கு மனசுக்குள் நின்றது. இப்படியே போனால் மேல் பகுதியில் இன்னும் இரண்டு வருடத்துக்குக்கூடத் தாது இல்லை. அதைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தாள். வரும் காலாண்டில் கட்டாயம் கீழ்ப் பாதையை ஆரம்பித்துவிடுவோம் என்று அவர்கள் பதில் எழுதியிருந்தார்கள். இந்த முறை ஆட்களைக்கூட ஒதுக்கியிருந்தார்கள். அவள் அதை நம்பினாள். நம்ப விரும்பினாள் என்பதுதான் சரி. வேலைக்குச் சேரும்போது, சுரங்கத்தின் கணக்கை வெளியாளிடம் சொல்ல மாட்டேன் என்று கொடுத்த உறுதிமொழியும் இருந்தது. இவன் சுரங்கத்தில் வேலை செய்கிறவன். ஆனாலும் இந்தக் கணக்குக்கு வெளியாள்தான்.

‘போங்க தம்பி’ என்று சொல்ல அவளுக்கு இரண்டு வார்த்தைதான் வேண்டியிருந்தது. காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அவன் புரிந்துகொண்டிருப்பான்.

“அவசரப்படாதீங்க” என்றாள். “ஐப்பசிக்குள்ள கீழ வேலை ஆரம்பிச்சிடுவாங்க.”

ராஜவேலின் முகம் தெளிந்தது. “நீங்க சொன்னா சரிதாங்க்கா” என்று மீதிக் கூழைக் குடித்தான். அன்று சாயங்காலமே ராஜஸ்தானுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

ஐப்பசியில் கீழ்ப் பாதையில் வேலை ஆரம்பித்தது. பத்து நாள் நடந்தது. பிறகு, காலாண்டுக் கணக்கு முடியும்வரை என்று சொல்லி ஆட்களை மறுபடி மேல் அறைகளுக்கு மாற்றினார்கள். மார்கழியில், தாது பற்றாக்குறை என்று, மூன்றாவது தூணின் ஓரத்தை மட்டும் கொஞ்சம் சீவிக்கொள்கிறோம் என்று கேட்டார்கள். இந்த முறை அமுதவல்லி ஒப்புதல் மறுத்தாள். உத்திராபதியும் சொன்னபடி அவள் பக்கம் நின்றார். சுரங்கத்து நிர்வாகம் அவர்களைக் கேட்காமல் தானே முடிவெடுத்துச் சீவிக்கொண்டது.

பொங்கல் கழிந்த வாரம், காலைக் கூட்டத்துக்குத் திரையைத் திறந்தபோது சுரங்கத்து மேலாளர் தலைக்கவசத்தைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். வெடிவைத்த பிறகு, புகை வெளியேறட்டும் என்று ஆட்களை மேலே ஏற்றியிருந்த இடைவெளியில், மூன்றாவது தூண் நொறுங்கிச் சரிவுப் பாதையின் கூரை இறங்கிவிட்டது. கீழே ஒருவரும் இல்லை. யாருக்கும் கீறல்கூட இல்லை.

அமுதவல்லி அலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடி ராஜவேலைக் கூப்பிட்டாள். எடுத்தான்.

“மேலதாங்க்கா இருக்கேன். ஒண்ணும் ஆவல. டீ குடிச்சிகினு இருந்தோம், காலுக்குக் கீழ தரை அதிர்ந்துச்சி. அவ்ளோதான்.” அவன் குரலில் தப்பித்த சந்தோஷம் இருந்தது. “பாதைய சரி பண்ணிடுவாங்க இல்ல?”

“பாக்கறோம் தம்பி” என்றாள்.

திரும்பி உள்ளே வந்தபோது உத்திராபதி தலையைக் கைகளில் தாங்கி உட்கார்ந்திருந்தார். ஆள் சேதம் இல்லை என்றதும் அவர் அழுதிருக்க வேண்டும். கண்கள் சிவந்திருந்தன.

இருவரும் சேர்ந்து வாரக்கணக்கில் கணக்குப் போட்டார்கள். விழுந்த இடத்தைச் சரிசெய்ய முடியாது. பாறை முழுக்கத் தளர்ந்துவிட்டது. சுற்றிக்கொண்டு புதிய பாதை வெட்டலாம். வெட்ட இரண்டு வருடம் ஆகும். அந்த இரண்டு வருடமும் சுரங்கத்தை நடத்தும் செலவுக்கு மேலே நல்ல தாது வேண்டும். அந்தத் தாதுவைத்தான் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. அமுதவல்லி அறைகளை மாற்றி மாற்றி அடுக்கினாள். எப்படி அடுக்கினாலும் நடுவில் ஒன்றுமில்லாத ஒரு வருடம் வந்து நின்றது. கீழே தாது அப்படியே இருந்தது. முதல் திட்டத்தில் அவள் வரைந்த அத்தனை அறையும் தொடப்படாமல் இருந்தது. போக வழிதான் இல்லை.

கடைசியில் ஒருநாள் உத்திராபதி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“போதும்மா. வுட்டுடு. வராது.”

“சார், நாம எங்க தப்பு பண்ணோம்?”

“அதான் நானும் தேடறேன்.” அவர் ஜன்னலருகே போய் நின்றார். “ஒரு தடவ கூட நான் ஒரு வருஷம் தள்ளி வைக்கல அமுதா. எப்பவும் மூணு மாசம்தான் தள்ளுனேன். ஒவ்வொரு தடவையும் காரணம் இருந்துது. இப்ப கேட்டாலும் அந்தக் காரணத்த என்னால சொல்ல முடியும்.” ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “எங்கப்பா சாவறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் என்ன வந்து பாருடான்னு கூப்புட்டுகினே இருந்தாரு. அப்ப நான் ஜார்க்கண்டுல இருந்தேன். அதயும் இப்டித்தான் தள்ளுனேன். அடுத்த லீவு, அடுத்த லீவுன்னு.”

அமுதவல்லி அவருக்குத் தேநீர் வாங்கி வந்து மேசையில் வைத்தாள். அவர் அதைக் குடிக்கவில்லை.

சுரங்கம் அந்த நிதியாண்டோடு, மார்ச் கடைசியில், மூடப்படும் என்று முடிவானது. அறிவிப்பு வெளியாகும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று தலைமை அலுவலகம் கண்டிப்பாக எழுதியது. அமுதவல்லி அந்த மின்னஞ்சலைப் படித்தாள். மாடிக்குப் போனாள். தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று தங்கையைக் கூப்பிட்டாள்.

சொல்லி முடித்த பிறகு, மறுமுனையில் பள்ளிக்கூடத்து மணி அடிப்பதும் பிள்ளைகள் இரைவதும் கேட்டது.

“உனக்கு எப்பலேர்ந்துக்கா தெரியும்?” என்றாள் ஜெயசித்ரா.

தூண் விழுந்த பிறகுதான் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் ஒருவகையில் உண்மைதான்.

“போன ஆடியிலயே கொஞ்சம் தெரியும்.”

“அவரு உன்ன வந்து கேட்டாரா அப்ப?”

“கேட்டாரு.”

“அவரு எங்கிட்ட சொல்லவே இல்ல” என்றாள் ஜெயசித்ரா. பிறகு, “எனக்கு கிளாஸ் இருக்குது” என்று வைத்துவிட்டாள்.

ராஜவேல் ராஜஸ்தானில் மறுபடி கேட்டுப் பார்த்தான். அந்த இடத்துக்கு ஆள் வந்துவிட்டிருந்தது. ஹொன்னெகெரேயிலிருந்து ஒரே நேரத்தில் வெளியேறிய அத்தனை பேரும் அதே நாலைந்து சுரங்கங்களின் கதவைத்தான் தட்டினார்கள். சித்திரை வெயிலில், வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் தவளக்குப்பம் திரும்பினார்கள். ராஜவேலின் அப்பா வீட்டில், முன்பு இருந்த அதே ஓர் அறை. அறிவுமதி கன்னடமும் ஆங்கிலமும் படித்து வளர்ந்தவள். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசித்தாள். ஜெயசித்ராவுக்கு எந்தப் பள்ளியிலும் உடனே இடம் கிடைக்கவில்லை.

அமுதவல்லி அவர்களைப் பார்க்கப் போனாள். வாசலில் வண்டியை நிறுத்தியதும் ராஜவேல் எழுந்து வந்து, “வாங்கக்கா” என்றான், எப்போதும்போல. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஜெயசித்ரா உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பழங்களை வைத்துவிட்டு, அறிவுமதியிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு அமுதவல்லி கிளம்பினாள். ஆவணிவரை ஒவ்வொரு முறை போனபோதும் அப்படியே நடந்தது. ஒருமுறைகூட ஜெயசித்ரா முதலியார்பேட்டைக்கு வரவில்லை.

அலுவலகத்தில் அவளுக்கு ஒடிசாவில் ஒரு புதிய சுரங்கத்தின் வேலை வந்தது. நீண்டகாலத் திட்டம் எழுதினாள். முதல் பக்கத்திலேயே, பாதை வெட்டும் வேலை ஒரு காலாண்டு நின்றால் கடைசியில் எத்தனை வருடம் குறையும் என்பதை எழுதினாள். இது வாடிக்கையாளரைப் பயமுறுத்தும், பின்னால் தள்ளி இணைப்பில் வையுங்கள் என்று மேலதிகாரி சொன்னார். மாட்டேன் என்றாள். அந்த வேலையை அவளிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தார்கள். அவளுக்குக் கோபம் வரவில்லை. இதை இரண்டு வருடம் முன்னால் செய்திருக்க வேண்டும் என்ற எண்ணம்தான் வந்தது. உத்திராபதி அதற்குள் வேலையை விட்டிருந்தார். எப்போதாவது கடைத்தெருவில் பார்த்தால் நின்று பேசுவார். சுரங்கத்தைப் பற்றி மட்டும் பேச மாட்டார்.

புரட்டாசியில் ராஜவேலுக்கு ஜார்க்கண்டில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது. ஒப்பந்த வேலை. ஆண்கள் மட்டும் தங்கும் கொட்டகை. குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. வருடத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு வரலாம்.

அவனைச் சென்னைக்குப் பஸ் ஏற்ற, புதுச்சேரிப் பேருந்து நிலையத்துக்கு ஜெயசித்ரா வந்திருந்தாள். அமுதவல்லியும் போனாள். ராஜவேல் பையை மேலே வைத்துவிட்டு மறுபடி கீழே இறங்கி வந்தான்.

“அக்கா, நீங்க மனசுல வெச்சிக்காதீங்க. நாந்தான கேட்டேன். நானே கூட முடிவு எடுத்திருக்கலாம்.”

“இல்ல தம்பி. எனக்குத் தெரிஞ்சத நீங்க எப்டி முடிவு எடுப்பீங்க?”

நடத்துநர் விசில் அடித்தார். ஏறும்போது மனைவியைப் பார்த்து, “அறிவு ஸ்கூல் வுட்டு வந்ததும் போன் பண்ணு” என்றான். பஸ் கிளம்பியது. ஜெயசித்ரா கையை ஆட்டவில்லை. பஸ் வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

“வண்டியில வா. தவளக்குப்பத்துல வுட்டுட்டுப் போறேன்” என்றாள் அமுதவல்லி.

மறுப்பாள் என்று நினைத்தாள். ஜெயசித்ரா வந்து பின்னால் உட்கார்ந்தாள். தோளைப் பிடிக்காமல் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் தாண்டினார்கள். ஆற்றுப் பாலத்தில் காற்று பலமாக அடித்தது.

“என்ன மன்னிச்சிடு சித்ரா.”

“மன்னிக்கறது பெரிய விஷயம் இல்லக்கா” என்றாள் ஜெயசித்ரா, காதருகே. அழுகை இல்லாத, களைத்த குரல். “நீ வேணும்னு செய்யலன்னு எனக்குத் தெரியும். ஆனா சின்ன வயசுலேர்ந்து நீ ஒண்ணு சொன்னா நான் கண்ண மூடிகினு நம்புவேன். இப்ப நீ ‘நாளைக்கி மழ வரும்’னு சொன்னாகூட நான் வானத்தப் பாப்பேன். அதான்.”

அமுதவல்லியால் எதிரில் வந்த லாரியைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. வேகத்தைக் குறைத்து ஓரமாகவே ஓட்டினாள்.

தவளக்குப்பம் சந்திப்பில் ஜெயசித்ரா இறங்கினாள். “இங்கியே போதும். காய் வாங்கிகினு போவணும்” என்றாள். புடவையைச் சரிசெய்துகொண்டு, மார்க்கெட் பக்கம் நடந்தாள். வீட்டுக்கு வா என்று சொல்லவில்லை. அமுதவல்லி வண்டியைத் திருப்பி, சாலையைக் கடக்கக் காத்து நின்றாள்.

கீரைக் கட்டுக்காரியின் முன்னால் நின்றிருந்த ஜெயசித்ரா திரும்பிப் பார்த்தாள்.

“ஹெல்மெட்ட போட்டுக்க” என்று சத்தமாகச் சொன்னாள். பிறகு குனிந்து கீரையைப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தாள்.